எனக்கே வரையத் தெரியாது, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, ‘பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு ஒழுங்காக நடக்க வேண்டுமானால் முதலில் ஆசிரியரைத் தயார் செய்ய வேண்டும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடலாம். நான் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு ஆசிரியர் பயிற்சிகளுக்குக் கருத்தாளராகப் போய் வருகிறேன். பதில்கள் அந்த அனுபவத்திலிருந்து.

கேள்வி: ஈராசிரியர் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் கிடையாது, எல்லாம் நான்தான். எனக்கு ஒரு மாம்பழம் கூட உருப்படியாக வராது. ஆசிரியர் பயிற்சி படித்தபோது ரெக்கார்டு நோட்டில் இருந்த படங்களை என் தங்கைதான் வரைந்து கொடுத்தாள். நான் எப்படி ஓவியம் சொல்லித் தருவது?
(ஆசிரியை, மணப்பாறை பக்கம்)

பதில்: டீச்சர், ரெக்கார்டு நோட்டைத் தங்கையிடம் கொடுத்தது உங்கள் தப்பு இல்லை. இரண்டு வருடப் பயிற்சியில் உங்கள் கையில் ஒரு கரித்துண்டைக் கொடுத்து, ‘பயப்படாமல் தேயுங்கள், யாரும் மார்க் போட மாட்டோம்’ என்று ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் பயிற்சிக்குப் போகிற இடங்களில் முதல் பத்து நிமிடம் ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து, ‘ஒரு இயற்கைக் காட்சி வரையுங்கள்’ என்பேன். வேறு எதுவும் சொல்ல மாட்டேன். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு பயிற்சியில் நாற்பது பேர் வரைந்ததைத் தரையில் பரப்பிப் பார்த்தோம். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் டிக் அடித்த மாதிரி நான்கு பறவை. கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் இதே படம். அந்த ஊரில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை கிடையாது. சீமைக் கருவேலமும் உப்பளமும் கடலும்தான். ஒரு தாளிலும் கடல் இல்லை. இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு அம்மா, ‘எங்க டீச்சர் போர்டுல போட்டது சார், அதைத்தான் நானும் என் பசங்களுக்குப் போடுறேன்’ என்றார். இரண்டு தலைமுறை ஒரே கரும்பலகையைப் பார்த்து வரைந்திருக்கிறது.

அடுத்து இன்னொரு தாள் கொடுத்து, ‘இன்று காலை உங்கள் வாசலில் என்ன இருந்ததோ அதை வரையுங்கள்’ என்றேன். அதே அம்மா ஒரு பிளாஸ்டிக் குடம் வரைந்தார். வாய் உடைந்து, கழுத்தில் சுருக்குக் கயிறு போட்டு, அடிகுழாய்க் கைப்பிடியில் கட்டித் தொங்குகிற குடம். கோடு கோணல், குழாய் நேராக நிற்கவில்லை, ஆனாலும் அது அவர் வீட்டுக் குடம், வேறு யார் வீட்டிலும் இல்லாதது. முதல் தாளில் கை மட்டும் வேலை செய்தது, இரண்டாவதில் கண்ணும் சேர்ந்துகொண்டது.

நீங்கள் வீட்டில் செய்ய ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்கள் பழைய செருப்பு ஒன்றை மேசைமேல் வையுங்கள். பென்சில் நுனியைத் தாளில் வைத்துவிட்டு அப்புறம் தாளைப் பார்க்கவே கூடாது. செருப்பின் ஓரத்தில் ஒரு எறும்பு ஊர்கிறது என்று வைத்துக்கொண்டு அதன் பின்னால் கண்ணை விடுங்கள், கண் போகிற வேகத்திலேயே கையும் போகட்டும், ஐந்து நிமிடம். முடித்துப் பார்த்தால் வடிவம் தாறுமாறாக இருக்கும், வார் ஒரு பக்கம் போயிருக்கும், குதிகால் ஒரு பக்கம். ஆனால் தேய்ந்த குதிகாலும், வாரில் குத்திய ஊக்கும், பெருவிரல் அழுத்திய பள்ளமும் அதில் இருக்கும். இப்படிப் பத்து நாள் பத்துப் பொருள். ஒரு செருப்பைப் பார்த்து வரைய எவ்வளவு பாடு என்று தன் கையால் தெரிந்துகொண்ட ஆசிரியர், அப்புறம் எந்தப் பிள்ளையிடமும் ‘இது என்ன, கோழியா காக்காவா’ என்று கேட்க மாட்டார்.

வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு உங்களிடமிருந்து படம் வேண்டாம். பெரிய தாள், அவசரப்படுத்தாத முக்கால் மணி நேரம், ஒரு நல்ல கேள்வி, இவை போதும். ‘மரம் வரை’ என்றால் பஞ்சுமிட்டாய் மாதிரி ஒரு பச்சை உருண்டைதான் வரும். ‘உங்க தெருவுல எந்த மரத்துல ஏறுவீங்க? ஏறும்போது கால் எங்க இருக்கும், கை எதைப் பிடிக்கும்? கீழே யார் நின்னு திட்டுவாங்க?’ என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். போர்டில் எதுவும் வரையாதீர்கள். நன்றாக வரைகிற ஆசிரியருக்கு அந்த ஆசையை அடக்குவது ரொம்பக் கஷ்டம். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு. வீடு வரையச் சொன்னதற்குச் சுவர் வழியாக உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறாள், அதில் ஆச்சி (பாட்டி), வீட்டைவிடப் பெரிதாக இருக்கிறார். ஆசிரியை சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு ‘தவறு’ என்று எழுதிவிட்டார். குழந்தை அன்றிலிருந்து கிரேயான் பெட்டியைத் தொடவில்லை.
(ஒரு தாய், பாளையங்கோட்டை)

பதில்: அம்மா, உங்கள் மகள் வரைந்தது அந்த வயதுக்குச் சரியான படம். ஏழெட்டு வயதுப் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. வீட்டுக்குள் ஆச்சி இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும், சுவர் அதை மறைப்பானேன்? ஆச்சி முக்கியமானவர், அதனால் பெரியவர். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-லேயே இதை வயதுவாரியாக எழுதிவைத்தார். இரண்டிலிருந்து நான்கு வயது வரை கிறுக்கல். அப்புறம் தலையிலிருந்து நேராகக் கால் முளைத்த மனிதர்கள். ஏழு வயதுவாக்கில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு, அதன்மேல் எல்லாம் வரிசையாக நிற்கும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற படங்களும் அந்தக் கட்டத்தில்தான் வரும். வயதுக் கணக்கு பிள்ளைக்குப் பிள்ளை கொஞ்சம் முன்பின்னாகும், அதை அட்டவணையாகப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் சிறு வகுப்பு ஆசிரியர் எல்லாரும் இதைத் தெரிந்துகொண்டுதான் வகுப்புக்குள் போக வேண்டும். காய்ச்சலுக்கும் அம்மைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருவர் மருந்து கொடுக்க வரலாமா?

ஒரு பையன் வரைந்த பஸ் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கச் சக்கரமும் தெரியும், பஸ்ஸைப் பிரித்து விரித்துப் போட்ட மாதிரி. பயணிகள் குச்சிகுச்சியாக இருப்பார்கள். டிரைவருக்கு மட்டும் ஒரு கை முறம் அளவுக்கு, மற்றக் கை இல்லவே இல்லை. ஏன்டா ஒரு கைதான் என்று கேட்கத்தான் வாய் வந்தது. நல்லவேளையாக, ‘இதைப் பத்திச் சொல்லேன்’ என்று கேட்டேன். ‘அவர் ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருப்பார் சார், எங்க ஊர் வளைவுல’ என்றான். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆசிரியையிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவருக்கும் இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். படத்தை எடுத்துக்கொண்டு போய், மகளிடம் கேட்டதைச் சொல்லுங்கள், ஆச்சி ஏன் பெரிதாக இருக்கிறார் என்று. வீட்டில் படத்தை ஆச்சி கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். கிரேயானை எடு என்று வற்புறுத்த வேண்டாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது கிறுக்கிக்கொண்டிருந்தால் அவளே வருவாள்.

கேள்வி: அரசு நடத்தும் ஓவியத் தேர்வுகளில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் (வெறும் கையால் கோட்டோவியம்), மாடல் டிராயிங் (பொருளைப் பார்த்து வரைவது) எல்லாம் ஹையர், அதாவது மேல்நிலை, முடித்து, கோடை விடுமுறையில் நடக்கும் டி.டி.சி. என்ற ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியும் முடித்து, 2012-ல் பகுதிநேர ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தவன். வாரத்தில் மூன்று அரைநாள். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் நான்தான். நாற்பது பேரில் ஐந்தாறு பேர் அருமையாக வரைகிறார்கள், மற்றவர்கள் ‘எனக்கு வராது சார்’ என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்கே தவறு?
(ஓவிய ஆசிரியர், கள்ளக்குறிச்சி மாவட்டம்)

பதில்: தம்பி, நானும் அதே தேர்வுகளை எழுதி வந்தவன்தான். நடுக்கோடு போட்டு இரண்டு பக்கமும் சமமாக ஒரு ஜாடி, கனசதுரம் பக்கத்தில் உருளை, வலது பக்கம் நிழல். கைக்கு அது நல்ல பழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தேர்வு யாருக்காக உருவான வழியில் வருகிறது என்று பார்க்க வேண்டும். 1850-ல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார், பெரியமேட்டில் இன்று இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான். தொழிலுக்கு ஆள் வேண்டும், அச்சுக்கும் மண்பாண்டத்துக்கும் மரவேலைக்கும் கச்சிதமாக வரைகிற கைவினைஞர் வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். லண்டன் சவுத் கென்சிங்டன் கலைப்பள்ளியில் வகுத்த முறைதான் இங்கேயும் வந்தது: அச்சிட்ட படத்தைப் பார்த்து அப்படியே எடு, அப்புறம் பிளாஸ்டர் உருவத்தைப் பார்த்து எடு, சுத்தமாக இருந்தால் மார்க்.

அந்தக் கல்லூரி அப்படியே நின்றுவிடவில்லை. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-ல் பொறுப்புக்கு வந்தார், கல்லூரியின் போக்கு மாறியது. அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர். மாணவர்களை நம் மண்ணிலேயே கோட்டையும் உருவத்தையும் தேடச் சொன்னவர், 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் அவர் முன்னின்று உருவானது. கல்லூரியில் வீசிய காற்று பள்ளிக்கூட டிராயிங் நோட்டுக்கு வந்து சேரவில்லை, அதுதான் என் ஆதங்கம். அங்கே நாம் இன்னும் ஜாடிதான் வரைந்துகொண்டிருக்கிறோம். வார்தா பக்கம் சேவாகிராமத்தில், தாகூரின் சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத் என்ற இன்னொருவர் 1940-களிலேயே, கைத்தொழில் வழியே பாடம் நடத்தும் காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓவியம் நடத்தினார், கலையே கல்விக்கு அடிப்படை என்று அதைப் பற்றி எழுதியும் வைத்தார். நமக்கு வழி தெரியாமல் இல்லை. ஆசிரியர் பயிற்சிக்குள் அது நுழையவில்லை.

உங்கள் வகுப்புக்கு வருகிறேன். அந்த முப்பத்தைந்து பேரும் மூன்றாம் வகுப்பில் வரைந்தவர்கள்தான். பத்துப் பதினொரு வயதில் பிள்ளைக்கு ஒரு புதுக் கண் திறக்கிறது: தான் வரைந்த மாடு மாடு மாதிரி இல்லை என்று அதற்கே தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் ஒருவன் அச்சு அசலாக ஒரு நடிகர் முகத்தை வரைந்துகொண்டிருப்பான். அன்றோடு ‘எனக்கு வராது.’ இந்த இடத்தில்தான் நீங்கள் படித்த மாடல் டிராயிங் உதவும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிள்ளை கேட்கும்போது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ‘பின்னாடி நிக்கிற மாடு எப்படி சார் வரையிறது’ என்று ஏழாம் வகுப்பில் ஒருத்தி கேட்பாள். அப்போது ஒன்றை ஒன்று மறைப்பதைக் காட்டுங்கள், இரண்டு டப்பாவை முன்னும் பின்னும் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவள் கற்றுக்கொள்வது, கேட்காதபோது நீங்கள் ஒரு பருவம் முழுக்கச் சொன்னாலும் ஏறாது. இதையே மூன்றாம் வகுப்பில் திணித்தால் கெடுதல்.

பென்சிலே பிடிக்காத பிள்ளைகளுக்கு வேறு வாசல் திறந்துவிடுங்கள். தாள் கிழித்து ஒட்டுவது, வெண்டைக்காய் அச்சு, மரப்பட்டைமேல் தாள் வைத்துக் கரியால் தேய்த்து எடுப்பது, களிமண். ஒரு பையன் கோடு போடவே மாட்டான், களிமண்ணைக் கொடுத்த அன்று ஆட்டுக்குட்டி செய்தான், படுத்திருக்கிற குட்டியின் முன்னங்கால் மடிப்பு உட்பட. தினமும் ஆடு மேய்க்கிற பையன் அவன். அவனுக்கு வரையத் தெரியாது என்று நான் மூன்று மாதம் நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் என்று எல்லாம் சேர்த்து 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேரமாக எடுத்தார்கள். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டமே, ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்றுதான் சொல்கிறது. கணக்குக்கு யாராவது அப்படிச் சொல்வார்களா? வயிற்றுக்கு மத்தியானத்துக்கு மேல் வேறு வேலை தேடி ஓடுகிற ஒருவர், இத்தனை பிள்ளைகளின் படத்தை எப்போது உட்கார்ந்து பார்ப்பார்? ஆசிரியரைத் தயார் செய்வது என்றால் அவருக்கு முழு வேலை கொடுப்பதும் அதில் அடக்கம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூடச் சம்பளத்தைப் பற்றி இல்லை, பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்டிருந்தீர்கள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

கேள்வி: கலர், பிரஷ், சார்ட் எல்லாம் வாங்கப் பள்ளியில் பணம் இல்லை. என்ன செய்ய?
(ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்)

பதில்: ஆரத்தித் தட்டை நினைத்துப் பாருங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, பிள்ளைகள் முன்னால் அதைச் செய்து காட்டினால் அறிவியல் பாடமும் சேர்த்து முடிந்தது. காவிக்கல், அடுப்புக்கரி, அவரை இலைச் சாறு. சங்குப்பூவைக் கசக்கினால் நீலம், அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. தூளாக இருப்பது தாளில் பிடிக்கக் கருவேலம் பிசினை இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரில் குழையுங்கள். மஞ்சள் வெயிலில் வெளுத்துப் போகும், பரவாயில்லை. வேப்பங்குச்சி நுனியை நசுக்கினால் பிரஷ். தாளுக்குப் பழைய நாள்காட்டியின் பின்பக்கம், பெரிய தாளாக இருப்பது முக்கியம். சின்னத் தாளில் பிள்ளையின் கை சுருங்கிவிடும். ஆனால் இது இருக்கிறதே என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் வண்ணத்துக்குப் பணம் கேட்பதை விட்டுவிடாதீர்கள். நல்ல வண்ணத்தைத் தொட்டுப் பார்க்க ஏழைப் பிள்ளைக்கும் உரிமை உண்டு.

கேள்வி: பயிற்சியில் வார்லி, மதுபானி என்று வெளிமாநில ஓவிய முறைகளைச் சொல்லித் தந்தார்கள். எங்கள் பள்ளிச் சுவர் முழுக்க வார்லி வரைந்துவிட்டோம், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ இடிக்கிறது.
(தலைமையாசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: உங்களுக்கு இடித்ததே நல்லது சார். வார்லி என்பது மகாராஷ்டிராவில் பால்கர் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் கல்யாண வீட்டின் மண்சுவரில் அரிசிமாவைக் கரைத்து வரைவது. இரண்டு முக்கோணத்தை முனையோடு முனை சேர்த்தால் வார்லி ஆள் வந்துவிடுகிறார், அதனால் பயிற்சியில் அரை மணியில் சொல்லித் தந்துவிட முடிகிறது. பிள்ளைகளுக்குக் கிடைத்தது அந்த முக்கோணம் மட்டும். அந்தக் கல்யாணமும் அந்த மண்சுவரும் கிடைக்கவில்லை.

அரிசிமாவு என்றதும் நம் வாசல் ஞாபகத்துக்கு வர வேண்டாமா? உங்கள் ஆசிரியர்களை ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு ஊருக்குள் அனுப்புங்கள், கோலம் போடுகிற ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்காரட்டும். ஏழு புள்ளி ஊடுபுள்ளி நாலு வரை என்று அவர் வாயால் சொல்லிக்கொண்டே வைப்பார், விரல் இடுக்கில் மாவு ஒரே கனத்தில் விழும். சிக்குக் கோலத்தில் கம்பி எங்கே தொடங்கி எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே வந்து முடிய வேண்டும் என்பது தலையிலேயே இருக்கும். காகிதமும் கிடையாது, அழிப்பதும் கிடையாது. அவரைப் பள்ளிக்கு அழைத்து வந்து நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஆண்பிள்ளைகள் உட்பட எல்லாரும் மாவெடுத்துப் பழகட்டும். அப்புறம் பிள்ளைகளே ஒரு புது விதி சொல்லட்டும், இத்தனை புள்ளி, இந்தப் புள்ளியைச் சுற்றக் கூடாது என்று. அன்றுதான் அது ஓவிய வகுப்பு.

அப்புறம், புதுக்கோட்டைக்காரர் நீங்கள், சித்தன்னவாசல் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. சமணக் குடைவரையின் கூரையில் அந்தத் தாமரைக் குளம், அதில் மீன், வாத்து, யானை, பூப்பறிக்கிற ஆட்கள். பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. முதலில் ஆசிரியர்கள் மட்டும் போய், அண்ணாந்து கழுத்து வலிக்கிற வரை பாருங்கள். அரை மணி நேரம் யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது. வெளியே வந்து நினைவிலிருந்து வரையுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போவது அதற்கப்புறம்.

கேள்வி: வட்டார வளமையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். கலைக்கு ஒரே ஒரு நாள் பயிற்சி, அறுபது பேர், ஒரு புரொஜக்டர். அந்த ஒரு நாளில் என்ன செய்வது?
(ஆசிரியர் பயிற்றுநர், தர்மபுரி)

பதில்: புரொஜக்டரைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கலையின் பயன்கள் என்று இருபது ஸ்லைடு ஓட்டி, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பேப்பர் பூ செய்யச் சொல்லி, குரூப் போட்டோ எடுத்து அனுப்புகிற பயிற்சிகளில் நான் இருந்திருக்கிறேன். திங்கட்கிழமை வகுப்பில் அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஒரு நாள்தான் என்றால் ஒரே ஒரு பொருள். ஏரிக் களிமண் இரண்டு நாள் முன்பே எடுத்து வந்து, கல் பொறுக்கி, ஊறவைத்துப் பிசைந்து சாக்குப் போட்டு மூடிவையுங்கள். காலையில் ஆளுக்கு ஒரு தேங்காய் அளவு. முதலில் கண்ணை மூடிக்கொண்டு வெறுமனே பிசையட்டும், பத்து நிமிடம். பாதிப் பேர் கையில் ஒட்டுகிறதே என்று ஓரமாக நிற்பார்கள், விடுங்கள், வருவார்கள். அப்புறம், ‘உங்கள் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து ஏதோ வேலை செய்கிறார், அவரைச் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு பயிற்சியில் கணக்கு ஆசிரியர் ஒருவர் இரண்டரை மணி நேரம் யாரிடமும் பேசாமல் ஒரு அம்மா பீடி சுற்றுவதைச் செய்தார். மடியில் முறம், குனிந்த கழுத்து. கண், மூக்கு ஒன்றும் இல்லை, அந்தக் குனிவு மட்டும். முடித்துவிட்டு, ‘எங்கம்மா இப்படித்தான் சார் என்னைப் படிக்கவெச்சாங்க’ என்றார். அவர் வகுப்பில் பிள்ளைகள் இனி எதையாவது செய்துகொண்டிருக்கும்போது குறுக்கே பேச மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

மத்தியானம் பிள்ளைகளின் படங்கள். ஒவ்வொருவரும் தன் வகுப்பிலிருந்து ஐந்து படம் கொண்டுவர முன்பே சொல்லிவிடுங்கள், போட்டிக்கு வரைந்தது வேண்டாம், சாதாரணப் படம். தரையில் வயதுவாரியாகப் பரப்பி எல்லாரும் சுற்றி நடந்து பார்க்கட்டும். ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று அந்தத் தரையே சொல்லிவிடும், நீங்கள் விரிவுரை நடத்த வேண்டாம். அடுத்து பேசிப் பழகுவது, இதை யாருமே செய்வதில்லை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் பிள்ளை, ஒருவர் ஆசிரியர். ‘சூப்பர்’, ‘வெரிகுட்’ இரண்டு வார்த்தைக்கும் தடை. ‘என்னது இது?’ என்ற கேள்விக்கும் தடை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும்: ‘இந்த ஓரத்துல பச்சையை அழுத்தித் தேச்சிருக்கே, இங்க மெல்லிசா விட்டிருக்கே.’ அதைச் சொன்னதும் பிள்ளை தானாகப் பேசும். முதலில் எல்லாருக்கும் நாக்குத் தடுமாறும், ஏனென்றால் படத்தைப் பார்க்காமலே பாராட்டிப் பழகிவிட்டோம்.

கடைசி ஒன்று, இது இல்லாவிட்டால் அந்த நாளே வீண். ஒரு மாதம் கழித்து, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் மூன்று படத்தோடு வரட்டும், அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசட்டும். பயிற்சி அங்கேதான் உறைக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளியில், அரசு நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிகளுக்காக நான்கு பிள்ளைகளை மட்டும் எடுத்துத் தினமும் பழக்குகிறோம். மற்றவர்களுக்கு வகுப்பே நடப்பதில்லை. இது சரியா?
(ஆசிரியர், திருப்பூர்)

பதில்: சரியில்லை, உங்களுக்கே தெரியும். 2022-23-ல் கலைத் திருவிழா தொடங்கியபோது நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன், இன்றும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மேடையே பார்க்காத எத்தனையோ பிள்ளைகள் அதில் ஏறியிருக்கிறார்கள். ஆனால் ஓவியப் பீரியடை எடுத்துப் போட்டிக்குக் கொடுக்காதீர்கள், பள்ளி முடிந்த பிறகு பழக்குங்கள். மாதம் ஒருமுறை சுவரில் படம் மாட்டும்போது பெயர்ப் பட்டியலை வைத்து வரிசையாக எல்லார் படத்தையும் மாட்டுங்கள், நல்ல படம் என்று பொறுக்க வேண்டாம்.

கேள்வி: ஆசிரியர் பயிற்சி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போகிறேன், நான்காம் வகுப்பில் ஓவியப் பாடம் எடுக்க வேண்டும். பாடக்குறிப்பு எழுதிவிட்டேன், ஆனால் பயமாக இருக்கிறது.
(மாணவி, தேனி)

பதில்: பாப்பா, பாடக்குறிப்பைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள். அரை மணி முன்னாலேயே பள்ளிக்குப் போய், பெஞ்சை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாரையும் தரையில் உட்காரவை, தரையில் பிள்ளைக்குக் கை நன்றாக வீசும். சாணித்தாள் ஒவ்வொருவருக்கும் ஒன்று, கூடுதலாகப் பத்து, யாராவது கிழித்துக்கொண்டு அழுவார்கள். ரப்பர் கொடுக்காதே. ‘நேத்து சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நீங்க போன வழியில என்னென்ன பார்த்தீங்க?’ என்று கேள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், கத்தட்டும், அந்தச் சூடு ஆறுவதற்குள் தாளைக் கொடுத்துவிடு. மேற்பார்வைக்கு வருகிறவர் வகுப்பு சத்தமாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டால் குறித்துக்கொள்ளட்டும். பத்து நிமிடத்தில் ‘முடிச்சுட்டேன்’ என்று ஓடி வருகிற பிள்ளையிடம், ‘அந்த வழியில சத்தம் எங்கிருந்து வந்துச்சு?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பு. கடைசியில் தாளை வாங்கும்போது பின்பக்கத்தில் பெயர், வயது, தேதி மூன்றையும் எழுதிவை. அவர்கள் படத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்தையும் அவர்கள் சொன்ன மாதிரியே எழுதிவை. வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தக் கட்டு உன்னிடம் இருக்கட்டும்.